கடல்வழி வந்த கைராசி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டைத் தாண்டுகிறவர்கள் ஒரு பழைய எல்லையைத் தாண்டுகிறார்கள். தெற்கே இருக்கும் தண்டையார்பேட்டை, எழும்பூரோடும் புரசைவாக்கத்தோடும் சேர்ந்து 1693-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வடக்கே இருக்கும் திருவொற்றியூர், 1708-ல் நவாப் தாவூத் கான் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து ஊர்களில் ஒன்று. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவை மற்ற நான்கு. மூன்றே ஆண்டில், 1711-ல், அந்த ஐந்தும் திரும்பப் பறிக்கப்பட்டன. டில்லி பாதுஷா பரூக்சியர் கொடுத்த பர்மான் என்ற அரசாணையைக் காட்டித்தான் 1717-ல் கம்பெனி அவற்றை மறுபடி கேட்டது. திருவொற்றியூரில் ஒரு சிறு சண்டை போட்டுத்தான் எடுத்தது. அந்தச் சமயத்தில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டைதான் டோல்கேட்டுக்கு அடுத்த மெட்ரோ நிலையமான இன்றைய காலடிப்பேட்டை. இந்த வட்டாரம் சென்னையோடு ஒட்டிய கதையில் ஒரு வைத்தியருக்கும் இடம் உண்டு. அவர் பெயர் வில்லியம் ஹாமில்டன். ஷெர்போர்ன் என்ற கப்பலில் அறுவை மருத்துவராக வந்தவர், கேப்டனின் கொடுமை தாங்காமல் 1711-ல் கடலூர்க் கோட்டையில் கப்பலை விட்டு ஓடி, சென்னைக்கு வந்து, அங்கிருந்து கல்கத்தா போய்க் கம்பெனி வேலையில் சேர்ந்தார். 1715-ல் ஜான் சர்மன் தலைமையில் டில்லிக்குப் போன தூதுக்குழுவில் அவரும் இருந்தார். பாதுஷாவின் தொடையிடுக்கில் இருந்த வீக்கத்தைக் குணப்படுத்தினார். அந்த நன்றிக்காகத்தான் பாதுஷா பர்மானை எழுதிக் கொடுத்தார் என்பது பள்ளிப் பாடம் வரை பரவிய கதை.

கதை முழுதும் சரியில்லை. பாதுஷா குணமான பிறகும் பர்மான் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. சூரத்திலிருந்து கம்பெனி வெளியேறிவிடும், வெளியேறினால் வருமானம் போகும் என்ற பயம் டில்லி தர்பாரில் எழுந்த பிறகே காரியம் நகர்ந்தது. ஆனாலும் மக்கள் நினைவில் நின்றது சூரத்தின் வருமானம் அல்ல, வெள்ளைக்கார வைத்தியரின் கைராசி. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் தொட்டால் நோய் போகும் என்ற நம்பிக்கை ஓர் அரசியல் பேரத்தையே மூடி மறைக்கும் அளவுக்கு வலுவாக இருந்திருக்கிறது. இந்த நம்பிக்கையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். உரிய படிப்போ பயிற்சியோ இல்லாமல் வெளிநாட்டில் குடியேறி உடல்நலம், உடற்பயிற்சி, மனஅமைதி என்று சேவை விற்கிறவர்களைப் பற்றி இன்று பாலியிலும் இலங்கையின் தென்கரையிலும் கோவாவிலும் புகார் எழுகிறது. இது இணைய யுகத்தின் நோய் என்று பலரும் எண்ணுகிறார்கள். வடசென்னைக் கரையோரத்தின் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. சான்றிதழ் இல்லாததைவிடப் பெரிய ஆபத்து, தவறு நேர்ந்தால் அந்த ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத நிலை. அந்த நிலையைச் சட்டமும் சந்தையும் சேர்ந்துதான் உண்டாக்கின என்பதைச் சான்றுகளோடு காட்ட முடியும்.

முதல் சான்று நிக்கொலாவ் மனூச்சி. 1638-ல் வெனிஸில் பிறந்தவர். பதினான்கு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கப்பலேறி, ஓர் ஆங்கிலப் பிரபுவின் பணியாளாக 1656-ல் இந்தியா வந்து சேர்ந்தார். அந்தப் பிரபு வழியிலேயே இறந்துபோக, முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் வேலைக்குச் சேர்ந்தார். தாரா தோற்றுக் கொல்லப்பட்ட பிறகு பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. லாகூரில் வைத்தியராக உட்கார்ந்தார். எந்த மருத்துவப் பள்ளியிலும் படித்தவர் அல்ல. ஐரோப்பியர் என்றாலே மருந்து தெரிந்திருக்கும் என்று ஊரார் நினைத்ததுதான் அவருடைய முதலீடு. அங்கே ஒரு காஜியின் வீட்டுப் பெண்ணுக்கு ஹுக்கா குழாயையும் பசுமடியையும் கொண்டு எனிமா கருவி செய்து வைத்தியம் பார்த்ததை அவரே தம் நூலில் பெருமையோடு விவரிக்கிறார். பிறகு ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலமின் வைத்தியர்களில் ஒருவரானார். அங்கிருந்து கோவா, கோல்கொண்டா என்று அலைந்து 1686-ல் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எலிசபெத் கிளார்க் என்ற விதவையை மணந்துகொண்டு, அந்தக் கால கறுப்பர் நகரத்தின் ஓரத்தில், இன்றைய பிராட்வே பக்கம், தோட்டத்தோடு கூடிய வீட்டில் குடியிருந்தார். முப்பது ஆண்டுகள் போல இங்கேயே வாழ்ந்தார். அவர் தயாரித்த காய்ச்சல் மருந்து, மனூச்சி கல் என்ற பெயரில், அவருக்குப் பின்னும் இந்தக் கரையில் விலைபோனது.

மனூச்சியை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. அவர் எழுதிய முகலாய வரலாறு இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். சென்னையில் அவர் செய்த வைத்தியத்தில் உள்ளூர்ச் சித்த மருத்துவத்தின் சாயல் இருப்பதாக அண்மைக்கால ஆய்வு சொல்கிறது. கற்றுக்கொள்ளத் தயங்காத மனிதர். பாரசீக மொழியும் தர்பார் நடைமுறையும் தெரிந்தவர் என்பதால், தாவூத் கானின் மிரட்டல் வந்தபோது கவர்னர் தாமஸ் பிட் 1701-ல் இவரைத்தான் தூது அனுப்பினார். இங்கே ஓர் எதிர்வாதம் எழும். பதினேழாம் நூற்றாண்டில் பட்டம் பெற்ற ஐரோப்பிய டாக்டர் மட்டும் என்ன செய்தார்? ரத்தத்தைக் கீறி வடித்தார், பாதரசம் கொடுத்தார். படிக்காத மனூச்சியின் கையில் நோயாளி அதைவிட மோசமாகியிருக்க வாய்ப்பில்லையே! இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் பட்டம் இல்லாததை நான் குற்றமாக வைக்கவில்லை. லாகூரில் ஒரு நோயாளி கெட்டுப்போனால் மனூச்சிக்கு டில்லி இருந்தது, டில்லி கைவிட்டால் கோவா, கோவா கைவிட்டால் சென்னை. தெருக்கோடி நாட்டு வைத்தியருக்கு அந்த வசதி இல்லை. கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்றால் அவர் மறுநாளும் அதே குளக்கரையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும்; அவர் பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான். வைத்தியம் பார்க்கிறவரை ஊர் கட்டிப்போட்டிருந்த கயிறு அது. கடல்வழி வந்தவருக்கு அந்தக் கயிறு இல்லை.

கயிறு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்துச் சென்னையே சான்று தருகிறது. கம்பெனியின் அறுவை மருத்துவர் சாமுவேல் பிரவுன் 1693 ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு மருந்து கொடுத்தார். அந்த மருந்தை இடித்த கல்வத்தில் முன்னதாக ஆர்சனிக் இடித்திருந்தார்கள், கல்வத்தைக் கழுவவில்லை. வீலர் இறந்துபோனார். தாம் வீலரைக் கொன்றுவிட்டதாகப் பிரவுன் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். எட்வர்ட் பல்க்லி என்ற மற்றொரு கம்பெனி மருத்துவர் உடலைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். விஷயம் நீதிமன்றம் வரை போனது, பிரவுன் விடுவிக்கப்பட்டார். விடுதலை ஒருபுறம் இருக்கட்டும். இறந்தவர் கவுன்சில் உறுப்பினர், மருந்து கொடுத்தவர் சம்பளப் பட்டியலில் இருந்தவர், அதனால் கேள்வி எழுந்தது, உடல் அறுக்கப்பட்டது, காகிதத்தில் பதிவானது. தண்டையார்பேட்டை கம்பெனிக்கு வந்த அதே ஆண்டு அது. அந்த ஊரில் ஒரு சலவைத் தொழிலாளியோ மீனவரோ கப்பல் வைத்தியரின் மருந்தால் செத்திருந்தால் யார் உடலைப் பரிசோதித்திருப்பார்கள்? தகுதி என்பது கொடுப்பவரிடம் பாதி இருந்தால், வாங்குபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருப்பதில் மறுபாதி இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை நிறம் மாறியது. பிரிட்டனில் 1858-ல் மருத்துவச் சட்டம் வந்து, யார் டாக்டர் என்பதற்கு ஒரு பதிவேடு உண்டானது. சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒரு பதிவுச் சட்டம் வந்தது 1914-ல். இடையில் 56 ஆண்டுகள். அந்த இடைவெளியில் லண்டனில் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவர் கப்பலேறி வந்து ராயபுரத்தில் சொல்லிக்கொள்ளத் தடையில்லை. இதில் மிக முக்கியமானது மிஷன் பெண்களின் வைத்தியம். திரைக்குப் பின்னால் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள், ஆகவே பெண்கள் வேண்டும் என்ற பேச்சு 1880களில் பிரிட்டனில் பெருத்தது. 1885-ல், வைஸ்ராயின் மனைவியான டஃபரின் சீமாட்டியின் நிதி தொடங்கியது. அந்தச் சூட்டில், பதிவுக்கு உதவாத ஈராண்டுப் படிப்பை லண்டனில் கொடுத்து, மிஷனரிப் பெண்களை மருத்துவ ஊழியத்துக்கு அனுப்பும் முயற்சியும் நடந்தது. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கப் போராடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பெண் மருத்துவர்களே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தாய்நாட்டில் நோயாளியைத் தொட அனுமதி இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. இந்தியப் பெண்களுக்கு வேறு கதியில்லை, ஒன்றும் இல்லாததற்கு அரைகுறையாவது மேல் என்று பதில் வந்தது.

இந்தப் பதில் இன்றும் கேட்கிறது. ஏழை ஊர்களுக்குப் போய்ச் சேவை செய்கிறவர்களைக் கேள்வி கேட்டால் முதலில் வருவது இதுதான். இதற்கு மறுப்பைச் சென்னையில் வாழ்ந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்களே செயலில் காட்டினார்கள். மேரி ஷார்லீப் ஒரு பாரிஸ்டரின் மனைவியாக 1866-ல் சென்னைக்கு வந்தவர். பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல் உதவ நினைத்தார். வெள்ளைக்காரச் சீமாட்டி என்ற தகுதியே போதும், நாலு மருந்து பாட்டிலோடு வீடு வீடாகப் போயிருந்தால் அன்று யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யாமல் படிக்க இடம் கேட்டார். சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஆதரவளிக்க, 1875-ல் வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டது 1878-ல்தான். அதே ஆண்டு ஷார்லீப் சென்னையில் படிப்பை முடித்துவிட்டார். பிறகு லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, திரைக்குப் பின்னால் வாழ்ந்த கோஷா பெண்களுக்காக அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கிறது. குடியேறிய நாட்டிலேயே மாணவியாக உட்கார்ந்து, அந்த நாட்டுத் தேர்வை எழுதித் தேறி, அதன் பிறகு நோயாளியைத் தொட்டவர். அவரோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் மட்டில்டா மக்ஃபெயில். ஸ்காட்லாந்து மிஷனின் டாக்டராக 1888-ல் வந்தார். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். ராயபுரத்தில் சிறு மருந்தகமாக அவர் தொடங்கியது, 1914-ல் கிறிஸ்டினா ரெயினி என்பவரின் பெயரில் ஆஸ்பத்திரியாக எழுந்தது. டோல்கேட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் இன்றும் நிற்கும் ரெயினி ஆஸ்பத்திரி அதுதான். ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவர் இங்கே பணியாற்றினார். அவர் கையில் பிறந்த பெண் குழந்தைகள் வளர்ந்து, தம் பிரசவத்துக்கும் அவரிடமே வரும் அளவுக்கு நீண்ட காலம் அது. தவறு செய்துவிட்டு அடுத்த கப்பலில் போய்விடும் வாய்ப்பை அவர் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் இல்லாததற்கு அரைகுறை மேல் என்பவர்கள், முழுமையாகச் செய்ய வழி இருந்தது, செய்தும் காட்டினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1914 சட்டத்துக்கு வருவோம். பொதுமக்களைப் போலிகளிடமிருந்து காப்பதற்காகத்தான் பதிவேடு என்று சொல்லப்பட்டது. அதில் ஆங்கில மருத்துவம் படித்தவர்கள் மட்டுமே இடம்பெற முடியும். சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யுனானி ஹக்கீம் யாரும் தொழில் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்கும் சான்று செல்லாது, அரசு வேலை கிடையாது என்றானது. வடசென்னையில் பெரும்பாலோருக்கு அன்று வைத்தியம் என்றால் நாட்டு வைத்தியரும் மருத்துவச்சியும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரும்தான். பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லியை இன்றும் முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள்; அதுவும் இருந்தது, ஆனால் ஊர் முழுக்க அதை நம்பி இருக்க முடியாது. பதிவேடு வந்ததும் இந்த உள்ளூர் வைத்தியர்கள் அனைவரும் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். 1918-ல் நாட்டு மருந்துகளை ஆராய அரசு டாக்டர் கோமனை நியமித்தது. அவருடைய அறிக்கைகள் நாட்டு மருத்துவத்துக்குச் சாதகமாக இல்லை. அதற்கு எழுந்த எதிர்ப்பில்தான் 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். அவர்கள் 1923-ல் அறிக்கை கொடுத்து, 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. உள்ளூர் வைத்தியர் தம்மை நிரூபிக்க இத்தனை குழுக்களையும் அறிக்கைகளையும் கடக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கடலுக்கு அப்பாலிருந்து வந்த உடற்கலை வித்தகர் எதைக் கடந்தார்? யூஜென் சாண்டோ 1904-05-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பிரஷ்யாவில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற பயில்வான். மேடையில் எடை தூக்குவதில் அவருக்கு நிகர் அன்று குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வலிமையை மட்டும் காட்டவில்லை, நோய் தீர்ப்பதாகவும் சொன்னார். பம்பாயில் ஒரு பார்சிச் செல்வந்தரின் யானைக்கால் நோயைத் தம் பயிற்சியால் குணப்படுத்தியதாக விளம்பரமும் ஆயிற்று. யானைக்காலுக்குக் காரணமான புழுவை மனித ரத்தத்தில் டிமத்தி லூயிஸ் கல்கத்தாவில் 1872-லேயே கண்டிருந்தார். கொசுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பேட்ரிக் மேன்சன் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே காட்டிவிட்டார். டம்பெல் தூக்கி அந்தப் புழுவை விரட்ட முடியாது என்பது 1904-ல் தெரிந்த விஷயம். சாக்கடையும் தேங்கிய நீருமாக யானைக்காலைச் சுமந்துகொண்டிருந்த வடசென்னை போன்ற ஊர்களுக்கு அப்படியொரு வாக்கு எவ்வளவு பெரிய பொய் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாண்டோவிடம் சான்று கேட்டு எந்தக் குழுவும் உட்காரவில்லை. 1907-ல் லண்டனில் நோய் தீர்க்கும் நிலையமே திறந்தார். 1911-ல் அரசர் அவருக்கு உடற்பயிற்சிப் பேராசிரியர் பட்டம் கொடுத்தார். நம் ஊரில் பயில்வான்கள் தம் பெயருக்கு முன் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்; சாண்டோ சின்னப்பா தேவர் வரை அது வந்தது.

இங்கே என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று டோல்கேட்டைச் சுற்றியே இருக்கிறது: குத்துச்சண்டை. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று இந்தப் பகுதி முழுவதும் ஊறிப்போன இங்கிலீஷ் குத்துச்சண்டையைக் கொண்டுவந்தவர்கள் துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளும் கோட்டைச் சிப்பாய்களும்தான். பயிற்சியாளர் சான்றிதழ் எதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அல்ல. அவர்களிடம் பார்த்தும் அடி வாங்கியும் கற்ற கலை, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று வேர்விட்டது. கித்தேரி முத்து போன்ற வீரர்களின் பெயர் இன்றும் மீனவக் குப்பங்களில் சொல்லப்படுகிறது. தகுதியில்லாத வெளிநாட்டவரால் ஒரு வட்டாரத்துக்கே சொத்து கிடைத்ததே, பிறகு எதற்கு இத்தனை கவலை என்று கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விதான். விடை, குத்துச்சண்டை நடக்கும் இடத்தில் இருக்கிறது. அது ஆயிரம் பேர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில், வளையத்துக்குள் நடக்கிறது. கற்றுக்கொடுக்கிறவனுக்குக் குத்தத் தெரியுமா தெரியாதா என்பது மூன்று நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் தம் சிஷ்யனை வளையத்தில் ஏற்றினால், சிஷ்யனின் தோல்வி வாத்தியாருடைய தோல்வி. பரம்பரையின் பெயரும் அதோடு போகும். வைத்தியரைக் குளக்கரையில் கட்டிய அதே கயிறு இங்கே பரம்பரை என்ற வடிவத்தில் இருந்தது. மாலுமி கப்பலில் போய்விட்டாலும் கலையின் பொறுப்பு உள்ளூர் வாத்தியாரிடம் தங்கிவிட்டது. உடம்பின் உள்ளே நடக்கும் விஷயத்தில் அப்படி ஊர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூச்சுப் பயிற்சியால் ரத்த அழுத்தம் குறைந்ததா, உண்ணாநோன்பால் சிறுநீரகம் கெட்டதா, தவறான ஆசனத்தால் முதுகெலும்பின் வட்டு நகர்ந்ததா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அப்போது சொல்லிக்கொடுத்தவர் வேறு நாட்டில் இருப்பார். ஆகவே குத்துச்சண்டை என் வாதத்தைக் குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பார்த்தவுடன் சோதிக்கக் கூடிய திறமைக்குக் காகிதம் தேவையில்லை. சோதிக்க முடியாததற்குத்தான் பதிவேடு வேண்டும், முகவரி வேண்டும், வழக்குப் போட வழி வேண்டும்.

உடற்பயிற்சித் துறையிலேயே இதைப் புரிந்துகொண்டு செயல்பட்ட வெளிநாட்டவர் ஒருவர் சென்னையில் இருந்தார். ஹாரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர், 1919-ல் வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு நந்தனத்தில் விரிந்த அந்தக் கல்லூரியிலிருந்துதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்கள் பல தலைமுறைகளாக வந்தார்கள். தாம் பயிற்சி கொடுத்துச் சம்பாதிப்பதைவிட, இங்குள்ளவர்களைப் பயிற்றுநர்கள் ஆக்குவதில் அவர் வாழ்நாளைச் செலவிட்டார். 1943-ல் இறக்கும் வரை அதே வேலையில் இருந்தார். நோயைத் தீர்க்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. மக்ஃபெயிலையும் பக்கையும் ஷார்லீப்பையும் சேர்த்துப் பார்த்தால், வெளிநாட்டவர் என்பதே குறை என்று நான் சொல்லவில்லை என்பது விளங்கும்.

இன்றைய நிலைமை 1880களை நினைவூட்டுகிறது. 2024 பிப்ரவரியில் இலங்கையின் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட ஒரு விருந்து பெரும் எதிர்ப்பில் ரத்தானது. அதே நாட்களில், நீட்டித்த சுற்றுலா விசாவில் தங்கியிருந்த ரஷ்யர்களையும் உக்ரைன் நாட்டவரையும் கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தது. அமைச்சரவை ஒப்புதல் இன்றி அது எப்படி வெளியானது என்று அதிபர் விசாரணை கேட்டார். பின்னணியில் இருந்தது, சுற்றுலா விசாவில் வந்து உணவகம், அலைச்சறுக்குப் பள்ளி, யோகா வகுப்பு நடத்துகிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்ற உள்ளூர்க்காரர்களின் புகார். இந்தியாவின் சுற்றுலா விசாவில் குறுகிய கால யோகா பயிற்சிக்கு வந்து கற்றுக்கொள்ளலாம். கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்க அது அனுமதி அல்ல. இப்படி விசாவோடு நின்றுவிடுகிறது விவாதம். விசா சரியாக இருந்தால் மட்டும் முதுகெலும்பு தப்பிவிடுமா? உலகெங்கும் யோகா ஆசிரியர்கள் காட்டும் 200 மணி நேரச் சான்று, 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கத்தின் அளவுகோல். எந்த அரசின் உரிமமும் அல்ல. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பல ஆண்டுகள் வாழ்ந்து கற்பித்து 1989-ல் மறைந்த சென்னையிலேயே இன்று யோகா நிலையங்கள் அந்த அமெரிக்க முத்திரையை வாசலில் மாட்டி மாணவர் சேர்க்கின்றன. எடை குறைப்பு, நச்சு நீக்கம், உயிர்ச்சக்தி என்று விற்கப்படும் பலவற்றுக்கு அந்த 200 மணி நேரமும் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டவர் மேலுள்ள வெறுப்பு, உள்ளூரில் போலி டாக்டர்களே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்கச் சட்டமும் போலீசும் இருக்கின்றன, அவ்வப்போது பிடிபடவும் செய்கிறார்கள். உரிய படிப்பு இல்லாமல் பரம்பரை அறிவை மட்டும் வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்று கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லியும்விட்டது. மூன்று தலைமுறையாக மூலிகை அரைத்தவருக்குச் சொல்லப்பட்ட அந்த விதி சரியென்றால், மூன்று வாரம் பயின்றுவிட்டுக் கடற்கரை விடுதியில் வைத்தியம் விற்கிறவருக்கும் அதே விதி பொருந்த வேண்டும். வெறுப்பு என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு விடையும் இருக்கிறது: நம்மவர்களும் கடல் தாண்டிப் போய் இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கூலிகளோடு சேர்ந்து தமிழ் வைத்தியர்களும் போனார்கள். தோட்ட ஆஸ்பத்திரியின் அலட்சியத்துக்கு நடுவே அவர்களில் பலர் உயிர் காத்தவர்கள். கற்காமல் சூரணம் விற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இன்றும் யோக குரு என்றும் வர்ம ஆசான் என்றும் சித்த மருத்துவர் என்றும் சொல்லிக்கொண்டு சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற தமிழர்களில், ஊரில் எவரிடமும் பாடம் கேட்காதவர்கள் உண்டு. அங்கே இந்தியர் என்ற தோற்றமே அவர்களுக்குத் தகுதிச் சான்று. மனூச்சிக்கு லாகூரில் வெள்ளைத் தோல் செய்த வேலையை இவர்களுக்கு நிறமும் நெற்றித் திருநீறும் செய்கின்றன.

மலேசியா இதற்கு ஒரு வழி கண்டது. 2016-ன் மரபுவழி மருத்துவச் சட்டம், சீன, மலாய், இந்திய மரபு வைத்தியம் செய்கிறவர்கள் எவராக இருந்தாலும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. மரபை இழிவுபடுத்தாமல், எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல், நோயாளிக்கு ஒரு முகவரியைக் கொடுக்கிற ஏற்பாடு. சென்னையில் உடற்பயிற்சி நிலையம் நடத்த மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் நின்று இன்னொருவரின் கழுத்தையும் முதுகையும் வளைத்துக் கற்றுக்கொடுப்பவர், தண்டையார்பேட்டைக்காரரோ தாலின் நகரத்திலிருந்து வந்தவரோ, சட்டப்படி எந்தப் பதிவேட்டிலும் பெயர் எழுத வேண்டியதில்லை. முதலில் எழுத வேண்டிய பெயர்கள் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவர்களுடையவை. எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் பயின்றார், காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு, இங்கே எத்தனை நாள் இருப்பார் என்ற விவரங்கள் அந்தப் பெயரோடு வரவேண்டும். அவற்றை டோல்கேட்டில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க முடிய வேண்டும்.